உன் ஜெபம் எத்தனை எச்.பி., சரசு?

அன்புள்ள சரசுவுக்கு,

சபையில் எல்லோரும் உன்னைச் சாராள் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லறைக் கல்லிலும் அந்தப் பெயர்தான் வெட்டியிருக்கிறது. நீ ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்ற நாளிலிருந்து நானும் முயன்று பார்த்தேன். என் வாயில் அது வரவே இல்லை. இனி வந்துதான் என்ன ஆகப்போகிறது? எனக்கு நீ சரசுதான்.

இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்த்து ஊரே படிக்கப்போகிறது, கோபித்துக்கொள்ளாதே. போன ஞாயிறு சாயங்காலம் பாஸ்டர் வந்தார். சபைப் பத்திரிகையில் உன் வருஷ நினைவுக்கு நானே எழுத வேண்டுமாம். ‘ஜெபத்தின் வல்லமை’ என்று தலைப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். ஞானஸ்நானம் எடுக்காதவன், ஆராதனைப் பக்கமே தலைகாட்டாதவன், கணபதிப் பகுதியில் பட்டறை போட்டு லேத் ஓட்டிப் பிழைக்கிறவன். போயும் போயும் என்னையா கேட்கிறார் என்று சிரிப்பு வந்தது. அவர் ஸ்கூட்டர் தெரு முனையைத் திரும்பியதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

கட்டுரை எழுத எனக்கு வராது. உன்னிடம் பேசுவதுபோல எழுதிவிடுகிறேன். அவர் போட்டால் போடட்டும், போடாவிட்டால் கடலை மடித்துக் கொடுக்கட்டும்.

முதலில் வீட்டு விஷயம். நம் மகள் கவிதா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் கிளினிக்கில் வேலைக்குப் போகிறாள். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, மோர் ஊற்றிச் சமாளித்துக்கொள்கிறேன். உன் அலமாரியை இன்னும் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. திறக்கலாம் என்று இருவருமே பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேத்தை இன்னும் நிறுத்துகிறேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். முன்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் பெண்கள் கூடி ஜெபம் ஆரம்பித்த புதிதில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. பட்டறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் மோட்டார் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருப்பேன், அந்தப் பக்கம் உங்கள் சத்தம் லேத் சத்தத்தைத் தாண்டும். ‘யார் யாருக்குப் போட்டி?’ என்று ஒரு நாள் கத்தினேன். நீ வந்து சண்டை போடவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் போய்விட்டாய். அடுத்த வாரம் நீ வருவதற்கு முன்னால் நானே அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

வீடு தேடி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சாராள் அக்கா ஜெபித்தால் நடக்கும் என்று ஒரு பேச்சு. மில் மூடி வேலை போனவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், வீட்டுக்காரன் குடிக்கிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பெண்ணைக் கூட்டி வருகிறவர்கள். வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். ‘உன் ஜெபம் எத்தனை எச்.பி., சரசு?’ என்று கேலி செய்வேன். மோட்டார் செய்கிற ஊரில் பிறந்தவனுக்கு வேறு எந்தக் கேலி வரும்?

நீ அப்போது சொன்னாய்: “எச்.பி. எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வர்றப்ப அழுதுட்டு வர்றாங்க. போறப்ப நம்ம குழாயில மூஞ்சி கழுவிட்டுப் போறாங்க. அது போதாதுங்களா?”

எனக்கு அது போதவில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்றுதான் நான் கணக்குப் பார்ப்பேன். வேலை கிடைத்ததா, குடியை விட்டானா? நீ ஒரு நாளும் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாம் மற்றவர்கள்தான். அதனால்தான் உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவர்கள் அப்படிக் கலங்கிப் போனார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. மெர்சியக்காவைப்போல உன்னைப் பார்த்துக்கொண்டவர்கள் கிடையாது. உன்னை முதன்முதலில் சபைக்கு அழைத்துப்போனவள், தன் தங்கையைப்போல உன் வாந்தியை அள்ளினாள். பாஸ்டருக்கு உபவாசம் இருந்து கண் உள்ளே போய்விட்டது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். நீ படுத்திருந்த முன்னறையில் வியாதியின் பெயரைச் சொல்லக்கூடாது. சாவு என்ற வார்த்தை வரக்கூடாது. யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ‘சுகமாகிவிட்டேன்’ என்றே சொல்ல வேண்டும். நடப்பதற்கு முன்பே நடந்துவிட்டது என்று சொல்வதுதான் விசுவாசமாம்.

பால்காரர் கேட்பார். “சுகமாயிட்டனுங்க” என்பாய், சுவரைப் பிடித்துக்கொண்டு. அடுத்த நிமிஷம் பாத்ரூமுக்கு ஓடுவாய்.

நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை. வீட்டில் ஒரு அவிசுவாசி இருந்தால் ஜெபம் தடைபடும் என்று யாரோ ஒருத்தி திண்ணமாகப் பேசியது சுவர் வழியாக என் காதில் விழுந்தது. அன்றைக்கே பட்டறையில் இருந்த முருகன் படத்தைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். நீ பிழைப்பதற்கு என்னால் ஒரு தடை வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான், அவனும் குடும்பஸ்தன்.

ஆனால் உனக்கு உன் அண்ணனைப் பார்க்க வேண்டும்.

வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பவானியில் இருக்கிற ரங்கசாமி அண்ணன்தான் அப்பா ஸ்தானத்தில் நின்று உன்னை எனக்குக் கட்டிக்கொடுத்தவர். நீ ஞானஸ்நானம் எடுத்த பிறகு பொட்டையும் பூவையும் விட்டாய், தாலியையும் கழற்றி என் கையில் கொடுத்தாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கோலத்தில் நாம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனோம். அண்ணன் மண்டப வாசலிலேயே உன்னை மறித்தார். “ஊட்டுக்காரன் உசுரோட நிக்கறப்பவே இப்படி வந்து நிக்கறயே அம்மணி, உனக்கே நல்லா இருக்குதா?” என்று கேட்டார். அன்று நீ சாப்பிடாமல் திரும்பினாய். அதன் பிறகு அவர் நம் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை.

உன் உடம்பு சரியில்லை என்று யார் மூலமோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. முனைக்கடை போனுக்குக் கூப்பிட்டார். கவிதா ஓடினாள். திரும்பி வந்தவள் முகம் மலர்ந்திருந்தது, மாமா இத்தனை வருஷம் கழித்துப் பேசிவிட்டாரே என்று.

“மாமா என்ன கண்ணு கேட்டாங்க?” என்றாய்.

“அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்கம்மா. சுகமாயிட்டாங்கன்னு சொன்னேன். சரி, அப்ப சந்தோசம்னு வெச்சுட்டாங்க.”

நீ அவளைத் திட்டவில்லை. அவள் கன்னத்தைத் தடவிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கிளம்பி வருவதற்காகத்தான் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்த வார்த்தையைச் சொல்லி அவரை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டது குழந்தை. அவரைத் திரும்பக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் லேத்தை நிறுத்திவிட்டு, காட்டன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தபடி நடுக்கதவருகே நின்றிருந்தேன். அன்று பாஸ்டரும் வந்திருந்தார். உன் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். வியாதிக்குக் கட்டளையிட்டார்கள், வெளியே போ என்று. குரல் ஏற ஏற ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடுவில் நீ, ஒரு பிடி எலும்பாக. உனக்குக் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் காலில் தட்டினாய். ஒருவர் ஒருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

“எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாய்.

மெர்சியக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படிப் பேசக்கூடாது சாராள்” என்றாள்.

“வேற ஆருகிட்டக்கா பேசறது? எங்கண்ணனைப் பாக்காமயே போயிருவேன்னு பயமா இருக்குது. அதுக்கு ஜெபிங்க.”

யாருக்காவது பயம் என்றால் இந்த வீட்டுக்குத்தானே வருவார்கள். அந்த வீட்டுக்காரியே பயப்படுகிறாள் என்றால் அதற்கு எந்த ஜெபம்? பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது நீ என்னைத் தேடினாய்.

“ஏனுங்க, வாங்க. நீங்க ஜெபிங்க.”

எனக்கு என்ன தெரியும்? முழங்கால் போடத் தெரியாது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாது. கையில் எண்ணெய்க் கறை. அப்படியே உன் காலருகே வந்து நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சாமி, இவ பயப்படறா. எனக்கும் பயமாத்தான் இருக்குது. இவ அண்ணன் வரணும். அது வரைக்கும் இவ கூட இருங்க. அப்புறமும் இருங்க.”

அவ்வளவுதான். ‘அப்புறமும்’ என்று சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. கவிதா என் சட்டையில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். அத்தனை நாளும் அவள் அழவில்லை, அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் ஆமென் சொன்னது மெர்சியக்கா. நீ கண்ணை மூடிக்கொண்டு, “போதுங்க, கேட்டிருச்சு” என்றாய்.

பாஸ்டர் என்னோடு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து வந்தார். நம்பரை நான்தான் சுற்றினேன். அண்ணன் குரல் கேட்டதும் ரிசீவரைப் பாஸ்டர் பக்கம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கிப் பேசினார்.

“நான் பாஸ்டர் பேசறனுங்க. உங்க தங்கச்சி சாகக் கெடக்கறாங்க. சுகமாயிட்டாங்கன்னு சொன்னது எங்க நம்பிக்கைங்க, நடந்தது இல்லீங்க. ஒடனே பொறப்பட்டு வாங்க.”

வெளியே வந்து பூத் படியில் உட்கார்ந்துவிட்டார். தனக்கும் பயம்தான் என்றார். ஜெபிக்கிறவனே பயப்படுகிறான் என்று தெரிந்தால் ஜனங்கள் எங்கே போவார்கள் என்று நினைத்துத்தான் சத்தமாக ஜெபித்தாராம். எனக்கு அன்றுதான் அந்த மனிதரைப் பிடித்தது. இரண்டு டீ வாங்கி வந்தேன். உபவாசத்தில் இருந்தவர் மறுப்பார் என்று நினைத்தேன், வாங்கிக் குடித்தார்.

அண்ணன் மறுநாள் காலையில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தெரியாதவரைப்போல நின்றார். தோளில் மாட்டியிருந்த பையை ஒரு கையால் மூடிக்கொண்டே இருந்தார். நீ அதைக் கவனித்துவிட்டாய். வழியில் பஸ் ஸ்டாண்டில் பழக்க தோஷத்தில் உனக்கு மல்லிகைப் பூ வாங்கிவிட்டு, அப்புறம்தான் நீ பூ வைப்பதில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. பூ வாசத்தைப் பையில் மூடி வைக்க முடியுமா?

“தலைக்கு வேண்டாண்ணா. கையில குடுங்க” என்றாய்.

அவர் கொடுத்தார். நீ மூக்கருகே வைத்துக்கொண்டாய். பிறகு நீ கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதுதான். அவர் கவிதாவிடம் திரும்பி, காப்பி போடச் சொன்னார். நம் வீட்டு டம்ளரில் அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை நீ கண் எடுக்கவில்லை. எத்தனையோ பேர் அந்த அறையில் ஜெபம் பலித்தது என்று சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன், சரசு. எனக்கு ஒரே ஒரு சாட்சி சொல்லத் தெரியும் என்றால் அது அந்தக் காப்பிதான்.

தரையில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்திருக்க முடியாமல் முழங்காலைப் பிடித்தார். நீ பக்கத்தில் வரச் சொல்லி அந்த முழங்கால்மேல் கை வைத்து ஜெபித்தாய். உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை. உன் வாழ்க்கையில் கடைசி ஜெபம் அது. உனக்காக இல்லை, அவருடைய மூட்டு வலிக்காக. அன்று நான் உள்ளுக்குள் கத்தினேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் போகப்போகிறவள், மிச்சம் இருக்கிற தெம்பை ஒரு முழங்காலுக்கா செலவு செய்வாள் என்று. ஞாயிற்றுக்கிழமை, சபையில் பாட்டுச் சத்தம் ஆரம்பிக்கிற நேரத்துக்குப் போய்விட்டாய். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான், காலடியில் கவிதா. சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குள் நாம் சொல்லி முடித்திருந்தோம். உன் புடவைகளில் கவிதாவுக்கு எது என்பதுவரை.

அண்ணனுக்கு மூட்டு வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் வந்தபோது கேட்டேன். குறையவில்லை என்றார். ஆனால் சொல்லும்போதே அந்த இடத்தைத் தடவிக்கொண்டு, “இங்கதான் மாப்ள, அம்மணி கை வெச்சுது” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். ஒரு ஜமக்காளம் கொண்டுவந்து முன்னறையில் விரித்துவிட்டுப் போனார், ஜெபத்துக்கு வருகிறவர்கள் வெறுந்தரையில் உட்கார வேண்டாமாம். இங்கே யாரும் வருவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. கூட்டம் இப்போது மெர்சியக்கா வீட்டில் நடக்கிறது. அண்ணன் விரித்ததை எடுக்க மனசு வராமல் அப்படியே விட்டு வைத்தேன்.

பாஸ்டர் கேட்ட வல்லமைக்கு வருகிறேன். மோட்டார் வேண்டும் என்று ஒரு விவசாயி வந்தால் எத்தனை எச்.பி. என்று நான் முதலில் கேட்கமாட்டேன். கிணறு எத்தனை ஆழம், தண்ணீர் எதுவரைக்கும் போக வேண்டும் என்றுதான் கேட்பேன். உன்னிடம் மட்டும் ஏன் எச்.பி.யையே கேட்டுக்கொண்டிருந்தேன்? சாவைத் துரத்தத்தான் உன் ஜெபத்துக்கு வல்லமை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம். பயமாக இருக்கிறது என்று அத்தனை பேர் நடுவில் உன்னால் சொல்ல முடிந்ததே, அது எங்கிருந்து வந்தது? அண்ணனை வாசல் தாண்டி வரவைத்தது எது? தெரிந்துகொண்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உன் ஆண்டவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. உன்னை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவருக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சபைக் கல்லறையில் உன் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. நான் போனால் என் ஆட்கள் என்னைச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். அப்புறம் நீ எங்கே, நான் எங்கே, சரசு?

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். அன்னூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். சாராள் அக்கா வீடு இதுதானுங்களா என்றாள். நான் லேத்தை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். நீ இல்லை என்று சொன்னேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை ஆபரேஷனாம். மெர்சியக்கா வீட்டுக்கு வழி சொன்னேன், அவள் நகரவில்லை.

“நீங்க அவிக வீட்டுக்காரருங்களா? அப்ப நீங்களே ஜெபிங்க” என்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். அண்ணனுடைய ஜமக்காளத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜெபம்தான், அதைச் சொன்னேன். சாமி, இவங்க பயப்படறாங்க, கூட இருங்க, அப்புறமும் இருங்க. சுகமாகிவிடும் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள். பட்டறைக்குத் திரும்பிய பிறகு குழாய்ச் சத்தம் கேட்டது, சரசு. எட்டிப் பார்த்தேன். நம் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. கணக்குப் பார்க்கிறதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் வீட்டு லேத் ஓடாது. முன்கதவு திறந்திருக்கும், குழாயில் தண்ணீர் வரும். என் உடம்பில் தெம்பு இருக்கிறவரை இது மாறாது. இது என் வாக்கு.

இன்னமும் உன்னைச் சரசு என்றே கூப்பிடுகிற
உன் வீட்டுக்காரன்,
நடராஜன்